காருக்கு அடியில் படுப்பவர்கள்

டீசல் காரில் எஞ்சின் ஆயில் மாற்றும் முறையில் பாக் நீரிணையின் இரு கரைக்கும் வேறுபாடு கிடையாது. எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு ஆயிலை இளக்க வேண்டும். அடியிலுள்ள நட்டைக் கழற்றி வடிக்க வேண்டும். ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்றி டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும். ஸ்டாண்டு போடாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைபவருக்கு இரண்டு ஊர் மெக்கானிக்குகளிடமும் திட்டு நிச்சயம். வீட்டிலேயே இதைச் செய்யத் துணிபவர் யார், எந்த வண்டிக்காக என்பதில்தான் ஊர்கள் பிரிகின்றன.

தமிழ்நாட்டில் அவர் பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் பில்லைப் பார்த்து அலுத்தவர். ஆயில், ஃபில்டர் போக, கேட்காத கிளீனிங்கும் டிரீட்மென்டும் அதில் வரிவரியாக ஏறியிருக்கும். வாரண்டி முடிந்த கையோடு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ ஆன்லைனிலோ ஃபில்டர் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கிவிடுவார். தனி வீடு இருந்தால் சரி. அடுக்ககப் பார்க்கிங்கில் ஒரு சொட்டு சிந்தினாலும் சங்கச் செயலாளர் வந்து நிற்பார்.

அவர் கையில் இருப்பது பல நேரங்களில் மாருதி ஸ்விஃப்ட் டீசல். ஃபியட் வடிவமைத்த அந்த 1,248 சிசி எஞ்சின் டாடா, ஃபியட் கார்களிலும் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. சுமார் 3 லிட்டர் ஆயில் போதும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு தாங்கும். இதில் டப்பா போன்ற ஃபில்டர் கிடையாது. மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் காகித உருளையை மட்டும் மாற்ற வேண்டும், கூடவே ரப்பர் வளையத்தையும். டைமிங் செயின் உள்ள எஞ்சின் என்பதால் ஆயிலை நாள் கடத்துகிறவர்களுக்குச் செயின் சத்தம் போட்டுக் கணக்குத் தீர்க்கும்.

பிஎஸ்6 டீசல் இன்னும் கறாரானது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஏற்கும். மலிவாகக் கிடைத்தது என்று லாரி ஆயிலை ஊற்றினால் மிச்சப்படுத்தியதைப் போல் பல மடங்கு வடிகட்டிக்கே போய்விடும். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியில், கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசல் ஆயிலோடு கலந்து அளவை உயர்த்துவதும் உண்டு. டீசல் எஞ்சினில் ஆயில் மிகுவது விளையாட்டல்ல: அதையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடத் தொடங்கலாம்.

இலங்கையில் கதை வண்டியின் வயதில் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், கையில் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஜப்பானிலிருந்து பழையதாக வந்த டொயோட்டா கொரோலா டீசல்களும் வான்களும், அவற்றின் 1,974 சிசி 2சி எஞ்சினும் அப்படித்தான் இன்னும் ஓடுகின்றன. 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றினால் முணுமுணுக்காத எஞ்சின் அது. ஃபில்டர் கையால் திருகும் டப்பா. ரப்பரில் கொஞ்சம் புது ஆயில் தடவி, தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் முடிந்தது. வீட்டு வேலைக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது என்றே சொல்லலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஆனாலும் அங்கே பலர் சேர்விஸ் ஸ்டேஷனுக்கே போகிறார்கள். வண்டியை உயர்த்தி, அடிப்பாகம் கழுவி, கிரீஸ் அடித்து, ஆயிலும் மாற்றித் தருவதால் அது அங்கே முழுக் குளியல். அடுத்த தடவை 5,000 கிலோமீட்டரில் என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டப்படும். 2022இல் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்தபோது இந்த 5,000 பலருக்குத் தானாக நீண்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் தேடுவதும் சென்னை புதுப்பேட்டையில் தேடுவதும் ஒரே கலை. ஆயிலிலும் உறவுண்டு: இந்தியன் ஆயிலின் செர்வோவை லங்கா ஐஓசி அங்கேயும் விற்கிறது.

வடித்த ஆயில் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை இரு கரையிலும் யாரும் விரும்பிக் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அது சென்ட்ரிங் பலகைக்கும் கறையான் பிடித்த கதவு நிலைக்கும் போகிறது. இலங்கையில் எதிராளியின் பெயர்ப்பலகையில் கழிவொயில் ஊற்றுவதும் செய்தித்தாளில் அடிக்கடி வரும் விஷயம். இந்தியாவில் பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கின் பழைய கேனைத் தேடி அவர்கள் யாரும் வாசலுக்கு வரப் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இது வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கிவிடும். சுன்னாகம் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. ஒரு காரிலிருந்து வடிக்கும் நாலு லிட்டர் அதன் முன் அற்பம்தான். ஆனால் வளவுக்குள் படுத்து ஆயில் வடிப்பவரின் குடிநீர்க் கிணறும் அதே வளவில்தான் இருக்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, சேர்விஸ் ஸ்டேஷன் பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வர அரைமணி நேரம் கூட ஆகாது.