பாலையாவின் மிடுக்கு

வில்லனோ காமெடியோ குணச்சித்திரமோ, எதைக் கொடுத்தாலும் டி.எஸ்.பாலையா வெளுத்து வாங்கினார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1936-ல் 'சதி லீலாவதி'யில் வில்லனாக வந்தது முதல் 1972-ல் மறையும்வரை அவர் கையிலிருந்த சரக்கு ஒன்றுதான்: மிடுக்கு. நிமிர்ந்த உடம்பு, இழுத்து நிறுத்தும் பேச்சு, எதிராளியை மேலும் கீழும் அளக்கும் பார்வை.

வில்லன் வேடங்களில் இந்த மிடுக்குக்குக் கதையே கடைசிவரை காவல் நின்றது. அதனால் கம்பீரம் உண்டு, ஆனால் ஒரே சுருதி. 'மதுரை வீரன்' பார்க்கும்போது அடுத்த வசனத்தை எங்கே இழுப்பார் என்று நாமே சொல்லிவிடலாம். அவர் காலத்து நடிகர் எஸ்.வி.ரங்காராவ் குரலைத் தாழ்த்தியே மிரட்டுவார். பாலையாவுக்கு அந்தச் சிக்கனம் வரவில்லை.

மிடுக்கு கழன்று விழும் இடங்களில்தான் அவர் வேறு ஆள். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை நாகேஷ் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஒலியை நிறுத்திவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். எஸ்டேட் முதலாளியாக உட்கார்ந்தவரின் கண் முதலில் அலைபாய்கிறது, பிறகு உடம்பு ஒடுங்குகிறது. அவர் பயப்படாவிட்டால் அங்கே பேயே இல்லை. அதே படத்தில், எதிரே இருப்பவர் பெரும் பணக்காரர் என்று நம்பியதும் அவர் வாயில் மகன் 'மகர்' ஆகிவிடுகிறான். வசனம் கோபுவுடையது, அதைச் சொல்லும்போது வளையும் முதுகு பாலையாவுடையது.

'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதர் இதன் உச்சம். பாண்டியன் சபையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு அத்தனை செருக்கோடு வாயசைத்தவர், இரவில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டுச் சிறுத்துப்போகிறார். அந்த வீழ்ச்சியில் அழுகை இல்லை, ஒரு வித்வானின் நேர்மையான கலக்கம் இருக்கிறது.

'வேலைக்காரி' (1949) என் வாதத்துக்கு இடிக்கும். கத்தியோடு கிளம்பும் நண்பனைத் தடுத்து யோசிக்கவைக்கும் பாலையாவின் மணி, மிடுக்குக்காரனும் அல்ல, கோமாளியும் அல்ல. படத்தை எழுதிய அண்ணாவின் தர்க்கத்தை அலட்டாமல் பேசுகிறான். ஆனால் அவன் தீட்டும் திட்டம் என்ன? நண்பனைப் பணக்கார வேடம் கட்டவைத்து, அந்த மிடுக்கைக் காட்டியே எதிரியை ஏமாற்றுவது!

ஆகவே வீச்சில் அவரை ரங்காராவுக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். பெரிய மனிதத் தோரணை சரிவதை நடித்துக்காட்டியதில் ரங்காராவும் அவருக்கு அடுத்துதான்.