தாண்டிப் போகச் சொல்லும் பிணம்

‘என் பிணத்தைத் தாண்டிப் போ’ என்பது ஒரு வீடியோ விளையாட்டின் பெயர். ஜப்பானில் 1999-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. 2011-இல் கையில் வைத்து ஆடும் பிஎஸ்பி கருவிக்காக மறுபடி செய்யப்பட்டது. 2014-இல் வீட்டா கருவிக்கு இரண்டாம் பாகம். மறு வருஷம் ‘ஒரேஷிகா’ என்ற பெயரில் ஆங்கிலத்திலும் கிடைத்தது. நான் ஆடியது இந்த இரண்டாம் பாகத்தை. வடிவமைத்தவர் ஷோஜி மஸுதா.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் நாயகன் பலமும் ஆயுதமும் சேர்த்துக்கொண்டே போவான். செத்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். மரணம் அங்கே வெறும் தடங்கல். மஸுதா வேறு வழியில் போகிறார். ஹெயான் கால ஜப்பானின் சாயலில் ஒரு மாய உலகம். அதில் சாபம் பெற்ற ஒரு குலம். ஆயுள் சுமார் இரண்டு வருஷம். மனிதரோடு கூடிப் பிள்ளை பெற முடியாது, தெய்வங்களோடுதான். காலம் மாதக் கணக்கில் நகர்கிறது. பேய் வேட்டைக்குப் போனாலும், பிள்ளைக்கு வித்தை சொல்லித் தந்தாலும், ஆயுளில் ஒரு மாதம் போயிற்று.

ஆக, சோகம் கதையில் இல்லை, விதிமுறையில் இருக்கிறது. தலைவன் செத்ததும் அடுத்தவன் முதல் தலைவனின் பெயரைச் சூட்டிக்கொள்கிறான். அவனுடைய சொந்தப் பெயர் மறைந்துவிடுகிறது. இதற்காக யாரும் புலம்புவதில்லை. தலைமுறை நாவல் எழுதுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசிக்கலாம்.

சாகிறவர்கள் கடைசியாக ஏதோ சொல்கிறார்கள். முன்பே எழுதிவைத்த வாக்கியங்கள்தாம். நண்பர் ஒருவர் இதைப் போலி என்கிறார். எனக்கு அப்படிப் படவில்லை. ஒப்பாரியின் அடிகளும் யாரோ கட்டியவைதாம். அதனால் அழுகிறவளின் துக்கம் பொய்யாகிவிடுமா?

கல்யாணம்தான் சங்கடமான பகுதி. பேய்களைக் கொன்று சேர்த்த புள்ளிகளைத் தெய்வத்துக்குக் காணிக்கையாகத் தந்து, பிள்ளைக்கு என்னென்ன இறங்கும் என்று பார்த்துத் துணை தேடுகிறோம். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி. கொஞ்ச நேரத்தில் முகங்கள் மறைந்து எண்களே கண்ணில் படுகின்றன. இதைக் குறை என்று தள்ள நான் தயாரில்லை. இந்தக் குலத்தில் சாகாதவன், ஆடுபவன் ஒருவனே. அடுத்த தலைமுறைக்குக் கணக்குப் போடுகிற அதே ஆள்தான் செத்தவனுக்காகத் துக்கப்படவும் வேண்டியிருக்கிறது. இந்த முரணை இவ்வளவு நேரடியாக நான் வேறு விளையாட்டில் உணர்ந்ததில்லை.

ஆனால் இரண்டாம் பாகம் தன் உருவத்தையே நம்பவில்லை. நூஎகோ என்று நினைவிழந்த ஒரு பெண் குலத்துக்கு வெளியேயிருந்து வருகிறாள். கதை அவள் பக்கம் சாய்கிறது. அவளுக்கு மர்மம், கடந்த காலம், பக்கம் பக்கமாக வசனம். என் வீட்டில் செத்தவர்களுக்கோ ஆளுக்கு ஒரு கடைசி வார்த்தை. யாருமே முக்கியமில்லை என்பதில்தான் இந்த உருவத்தின் கௌரவம் இருந்தது. ஆசிரியருக்குத் தன் பாத்திரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. அவள் பேசும் காட்சிகளைப் பாதிக்கு மேல் நான் பொத்தானை அழுத்தித் தள்ளிவிட்டேன்.