வண்டல், உமி, சவுக்கு

பூம்புகார் அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளில் உட்புறம் கரி நிறம், வெளிப்புறம் செங்கல் நிறம். சாயம் எதுவும் பூசியதில்லை. பானையை வாய் கவிழ்த்துச் சூளையில் அடுக்கி, உமியும் வைக்கோலும் உள்ளே மூட்டம் போட்டுப் புகைய விட்டால் காற்றில்லாத உட்புறம் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். இப்படித்தான் சுட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வயல் கழிவில் நிறம் எடுத்த இந்த வித்தையை இன்று ஒரு ஸ்டுடியோவில் செய்தால் ‘பரிசோதனை’ என்று பெயர்ப்பலகை வைப்போம்.

அய்யனார் கோயில் புரவி செய்யும் வேளார்கள் களிமண்ணில் மணலோடு உமியையும் சேர்த்து மிதிப்பார்கள். சூட்டில் உமி எரிந்து பொடித்துளைகள் விழும். ஈரம் ஆவியாகி அவற்றின் வழியே வெளியேறும். ஆளுயரக் குதிரையின் தடித்த கால் வெடிக்காமல் நிற்பது அதனால்தான். ஆனால் வைக்கோலும் வரட்டியும் போட்டு மண் பூசி மூடும் நாட்டுச் சூளை 800, 900 டிகிரிக்கு மேல் போவது அரிது. அந்தச் சூட்டில் சாம்பல் உருகிக் கண்ணாடிப் பூச்சாகாது.

அந்தச் சூட்டைத் தாண்டியவர்கள் பூம்புகாருக்கு வடக்கே, புதுச்சேரியில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும். சவுக்கு விறகில் 1,250 டிகிரிக்கு மேல் ஏற்றி ஸ்டோன்வேர் சுட்டார்கள். அங்கே பயின்றவர்கள் இன்று நாடெங்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். 2018-இல் ஜெய்ப்பூர் ஜவாஹர் கலா கேந்திராவில் நடந்த முதல் இந்திய செராமிக்ஸ் டிரையென்னாலே அந்தப் பரவலைக் காட்டியது.

என் கணிப்பில் இந்தக் கடற்கரையின் துணிச்சலான வேலை மீக்கர் 1980-களில் தொடங்கிய ‘சுட்ட வீடு’தான். இரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி காட்டிய வழி அது. பச்சைச் செங்கல்லால் வளைவுக் கூரை வீடு கட்டி, உள்ளே செங்கல், ஓடு, சட்டி என்று விலை போகும் சரக்கை அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் எரிப்பது. வெந்த சரக்கை விற்று விறகுக் காசை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. தடித்த சுவரின் உட்புறம் நன்றாக வேகும், வெளிப்புறம் அரைவேக்காடாக நிற்கும், விறகோ போட்டு மாளாது. ஏழைக்கு மலிவு வீடு என்ற நோக்கில் அது எடுபடவில்லை. கலையாகப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் நிற்க அதிகம் பேர் இல்லை. பின்னாளில் மீக்கர் பெரிய சிற்பங்களின் பக்கம் போனார்.

கண்டெடுத்த பொருளை மண்ணோடு சேர்ப்பது என்றதும் சிப்பியை ஒட்டி ஜாடி செய்கிறவர்களிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சிப்பி சூளையில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். ஐப்பசி மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும்; பக்கத்து மண்ணையும் பெயர்த்துக்கொண்டு உதிரும். விறகுச் சூளைக்காரர்கள் சிப்பியை வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள்: அதற்குள் தீக்களிமண்ணை அடைத்துப் பானைக்கு முட்டுக் கொடுப்பார்கள். சுட்டபின் சிப்பி பொடியாகிவிடும், வரிவரியான தடம் பானையில் தங்கும்.

காவிரி டெல்டாவின் அரிசி ஆலைகளில் குவியும் உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. தனியாக உருகாது, சுண்ணாம்புச் சத்துள்ள விறகுச் சாம்பலும் கொஞ்சம் களிமண்ணும் சேர்ந்தால் பால் நிறக் கண்ணாடிப் பூச்சாகும். சவுக்குத் தோப்பு பூம்புகார்க் கரையிலும் உண்டு. பானைக்குத்தான் வேறு மண் தேட வேண்டும். இரும்பு மிகுந்த ஆற்று வண்டல் ஸ்டோன்வேர் சூட்டில் இளகிவிடும். காவிரி மண்ணையும் கரைத்துப் பூச்சாகத்தான் ஊற்ற வேண்டியிருக்கும்.