ஆயிரத்து ஐம்பத்து மூன்று பாயிண்ட்

'ச்சி' என்றால் நமக்கு முகச்சுளிப்பு. சீனர்களுக்கு அது ஓர் அளவுகோல். பத்து ஃபென் ஒரு சுன், பத்து சுன் ஒரு ச்சி. கையை வரைந்து, மணிக்கட்டருகே நாடி துடிக்கும் இடத்தில் ஒரு கீறல் இட்டதுதான் 'சுன்' எழுத்தின் பழைய வடிவம். அளவைச் சொல்ல உடம்பைத் தொட்டுக்காட்டும் எழுத்து! அச்சுக்கூடத்துப் பாயிண்டுக்கு அந்த உடம்புச் சூடு கிடையாது; கணினி அறிந்த பாயிண்ட், அங்குலத்தை 72 ஆக நறுக்கிய துண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்ப்பதில் சங்கீதத்தில் கிரகபேதம் கேட்கிற சுகம் இருக்கிறது. நீளம் அப்படியே நிற்கும். ஆதாரம் மட்டும் நகரும்.

ஆனால் எந்த ச்சி என்று கேட்காமல் கணக்கில் இறங்கக் கூடாது. சிங் வம்ச காலத்தில் தச்சருக்கு ஒரு கோல், தையற்காரருக்கு ஒன்று, நிலம் அளப்பவருக்கு ஒன்று. தச்சர் கோல் சுமார் 32 செ.மீ.; அதன் ஃபென் ஒன்பது பாயிண்டைத் தொட்டு நிற்கும். 1858 தியான்ஜின் உடன்படிக்கையை ஒட்டிய வணிக விதிகளில் ச்சி 14.1 அங்குலம், ஃபென் 10.15 பாயிண்ட். பிறகு 1929 சட்டம், மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்று தீர்த்துவைத்தது. சந்தைக்கு அது சௌகரியம். பாயிண்டுக்குத்தான் தலைவலி: இந்த ச்சியைப் பாயிண்டாக்க 1,20,000-ஐ 127-ஆல் வகுக்க வேண்டும். 944.88 என்று தொடங்கி முடிவில்லாமல் இழுக்கும். அங்குலத்துக்கு 25.4 மி.மீ. என்பதற்குள் ஒளிந்திருக்கும் பகா எண் அந்த 127.

ஹாங்காங்குக்கு வாருங்கள். அங்கே ச்சியின் பெயர் 'செக்'. பிரிட்டிஷ் ஆட்சியில் அங்குலத்தால் அளந்து வைத்த சீனக் கோல்: 14 அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும். எழுபத்திரண்டால் பெருக்கினால் 1053. பின்னம் இல்லை, மிச்சம் இல்லை. முதன்முறை இந்த விடையைக் கண்டபோது தாளம் சமத்தில் வந்து விழுந்தது போலிருந்தது.

செக்கின் நூறில் ஒரு பங்கான 'ஃபான்' 10.53 பாயிண்ட். சீன அச்சில் எழுத்தளவுகளுக்கு வரிசை எண்கள் உண்டு. எண் ஏற ஏற எழுத்து சிறுக்கும். அதில் ஐந்தாம் எண் 10.5 பாயிண்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷாங்காய் மிஷன் அச்சகத்தில் வில்லியம் கேம்பிள் மேற்கத்திய அளவுகளை ஒட்டி வார்த்த வரிசை அது. செக்கோடு அதற்கு உறவில்லை என்றே நினைக்கிறேன். இருந்தும் எவ்வளவு நெருக்கம்!

சீன எழுத்து சதுரம், உயரமே அகலம். ஆகவே ஐந்தாம் எண்ணில் நூறு எழுத்துகளை இடைவெளியின்றி நிறுத்தினால் 1050 பாயிண்ட். செக் கோலை அருகில் வைத்தால் மூன்று பாயிண்ட், அதாவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் மீதி. இது கணினிக் கணக்கு. பாயிண்டுக்கு மேலலகான பைகா 83 சேர்ந்தால் 35 செ.மீ. என்று 1886-இல் அமெரிக்க வார்ப்பாளர்கள் வகுத்த பாயிண்ட் இன்னும் மெலிது. அந்த அளவில் வார்த்த ஈய எழுத்துகளைக் கோர்த்தால் கோலின் முனையில் ஏழு பாயிண்ட் காலியாக இருக்கும்.