சின்னச் சில்லுக்குள் வெப் சர்வர்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

கிடங்கு ஒன்றின் வெப்பநிலையை அளக்கும் சிறு கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவைப் பார்க்கக் கிடங்குக்கு நடக்க வேண்டியதில்லை. உலாவியைத் திறந்து கருவியின் முகவரியைத் தட்டினால், அளவு திரையில் தோன்றும். கேட்டவருக்குப் பக்கத்தை அனுப்பும் இந்த நிரலைத்தான் வெப் சர்வர் என்கிறோம். பெரிய கணினிக்கு இது எளிய வேலை. ஒரே சில்லில் அடங்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கோ இது பெரும் சோதனை.

ஏன் என்று கேட்பீர்கள். பழகுவோர் மிகுதியாகக் கையாளும் ஏடிமெகா 328 சில்லை எடுத்துக்கொள்வோம். நிரலை வைக்க 32 கிலோபைட் இடம் உண்டு. ஆனால் வேலை நினைவகம் 2,048 பைட் மட்டுமே. ஈதர்நெட் கம்பி வழியே வரும் முழு அளவுப் பொதி ஒன்று, தலைப்போடு சேர்த்து 1,514 பைட். அதை உள்ளே வாங்கினால் மிஞ்சுவது 534 பைட்!

இந்த நெருக்கடிக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் சுவீடன் நாட்டு ஆடம் டங்கெல்ஸ். '8-பிட் கட்டமைப்புகளுக்கு முழுமையான டி.சி.பி./ஐ.பி.' என்ற பொருளில் 2003-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும், அதில் விளக்கப்படும் 'யூ.ஐ.பி.' நிரலும் இன்றும் படிக்கத்தக்கவை. இருபது ஆண்டுகளுக்குமேல் கடந்துவிட்ட நிலையில், அந்தப் படைப்பை நிறுத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் அதன் சிறப்பு. வலைப்பின்னலில் பொதிகள் தொலைவதுண்டு. பெறுபவர் 'வந்து சேர்ந்தது' என்று ஒப்புகை அனுப்பும் வரை, அனுப்பியவர் ஒரு நகலை வைத்திருக்க வேண்டும். சில்லில் நகலுக்கு இடம் ஏது? டங்கெல்ஸ் நகலையே ஒழித்தார். பொதி தொலைந்தால், 'அதை மறுபடி தயாரித்துக் கொடு' என்று யூ.ஐ.பி. பயன்பாட்டு நிரலைக் கேட்கும். மாறாத பக்கம் எப்படியும் நிரல் நினைவகத்தில் இருக்கிறது. மறுபடி படித்தால் போதும். வறுமையில் பிறந்த அரிய யோசனை இது.

ஆனால், மாறும் பக்கத்துக்கு? முதல் முறை அளவு 9.8 பாகை. பொதி தொலைந்து மறுபடி அளக்கும்போது 10.1 பாகை. மூன்று எழுத்து நான்காகிவிட்டது. டி.சி.பி. ஒவ்வொரு பைட்டையும் எண்ணி வைக்கும் முறை. கணக்கு மாறினால் பக்கத்தின் வால் பழுதாகும். ஆகவே ஒப்புகை வரும் வரை பழைய அளவைச் சேமித்து வைப்பது உங்கள் பொறுப்பு. சுமை ஒழியவில்லை, தோள்தான் மாறியிருக்கிறது.

இரண்டாவது குறை வேகம். யூ.ஐ.பி. ஓர் இணைப்பில் ஒரு பொதியை அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருக்கும். எதிர்முனைக் கணினியோ, அடுத்த பொதியும் வரட்டும் என்று ஒப்புகையைச் சுமார் 200 மில்லிவிநாடி தாமதிப்பது வழக்கம். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க, நொடிக்கு ஐந்து பொதிகளே செல்லும். பொதிக்கு 500 பைட் என்றால், 20,000 பைட் படம் ஒன்று போய்ச்சேர எட்டு நொடி! ஆசிரியர் இதைத் தம் கட்டுரையில் மறைக்கவில்லை. வெப்பநிலையைக் காட்டும் சிறு பக்கத்துக்கு இந்தத் தாமதம் பொருட்டும் அல்ல.

மூன்றாவது குறை மன்னிக்கக் கடினமானது. 2020 டிசம்பரில் போர்ஸ்கவுட் நிறுவன ஆய்வாளர்கள் 'அம்னீசியா 33' என்ற பெயரில், யூ.ஐ.பி. உள்ளிட்ட நான்கு இலவச வலைப்பின்னல் நிரல்களில் 33 பாதுகாப்புக் குறைகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றைப் பாருங்கள். வரும் பொதி, 'என்னுள் இத்தனை பைட் அவசரத் தகவல்' என்று ஓர் எண்ணைச் சொல்லலாம். பொதியில் உண்மையிலேயே அத்தனை பைட் உண்டா என்று யூ.ஐ.பி. சரிபார்க்கவில்லை. பொய் எண்ணை நம்பி, தன் எல்லைக்கு வெளியே உள்ள நினைவகத்தில் கைவைத்தது. வேண்டுமென்றே பொய் சொல்லும் பொதி ஒன்று கருவியைச் செயலிழக்கச் செய்ய அது போதும். இத்தகைய நிரல், வாங்கி மாட்டிய பின் யாரும் திரும்பிப் பார்க்காத கருவிகளுக்குள் குடியேறியிருப்பதுதான் கவலைக்குரியது. கணினியைப் போல் அவற்றுக்குத் திருத்தம் எளிதில் போய்ச் சேராது.

நகலை விட்டது இடமின்மையால். அதற்கு நியாயம் உண்டு. வேகத்தை விட்டதும் தெரிந்து செய்த பேரம். இந்தச் சோதனையை விட்டதற்கு அப்படி ஒரு நியாயம் இல்லை. ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிடச் சில பைட் நிரல் போதும். 'முழுமையான' என்று தலைப்பிட்ட படைப்பில் இது இருந்திருக்க வேண்டும்.

எனினும், சிக்கனம் என்பது என்ன என்று கற்க இதைவிட நல்ல பாடம் அரிது. படியுங்கள், சிறு சர்வர் ஒன்றை நீங்களே கட்டிப் பாருங்கள். கட்டும்போது படங்களை விடலாம், வேகத்தை விடலாம், அழகை விடலாம். வெளியிலிருந்து வரும் எண்ணைச் சரிபார்ப்பதை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள்.