உச்சிவெயிலில் துவளும் இலை

சித்திரை பாதி கழிந்ததும் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரிகளில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "தினமும் தண்ணி ஊத்துறேன், ஆனாலும் செடி வாடுதே?" நல்ல நர்சரிக்காரர் இதற்கு உடனே பதில் சொல்லிவிடமாட்டார். "எந்நேரத்துல வாடுது? சாயங்காலம் நிமிருதா?" என்று திருப்பிக் கேட்பார். அடுத்து, "மாடியா, தரையா?" அதற்கும் அடுத்து, "என்ன தொட்டிம்மா வச்சிருக்கீங்க?" உரமூட்டையை எடுத்துக் கையில் கொடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் கேட்கிற கடை எதுவோ, அங்கேதான் செடி வாங்கவேண்டும்.

கேள்விகளில் பொருள் இருக்கிறது. உச்சிநேரத்தில் இலைகள் நீரை ஆவியாக விடும் வேகத்துக்கு வேர்களால் ஈடுகொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தும் செம்பருத்தி தலைகவிழும், பூசணிக்கொடி துணிபோலத் தொங்கும். வெயில் இறங்கியதும் தாமாக நிமிர்ந்துகொள்ளும். அந்தி சாய்ந்த பிறகும் துவண்டே கிடந்தால்தான் விசாரிக்கவேண்டும். மண் காய்ந்திருக்கலாம், அல்லது ஈரம் தங்கித் தங்கி, காற்றுக்கு வழியில்லாமல் வேர் அழுகியிருக்கலாம். இரண்டிலும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். அழுகிய வேருக்கு இன்னொரு குடம் ஊற்றினால் கதை முடிந்தது. கத்திரி வெயிலில் மாடித்தோட்டங்கள் காலியாவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை, வெயிலுக்குப் பயந்து ஊற்றிய தண்ணீரும் காரணம்.

இந்த வித்தியாசத்தை நர்சரியில் வேலைசெய்யும் பெண்கள் கண்டுபிடிக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. வரிசையில் நூறு கருப்புக் கவர்கள் நிற்கும். ஒருவர் நடந்துகொண்டே ஒரு கவரின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, தரையை விட்டு ஒரு அங்குலம் தூக்கி, அப்படியே வைத்துவிட்டு நகர்வார். கனமாக இருந்தால் அந்த வரிசைக்கு இன்று தண்ணீர் இல்லை. லேசாக இருந்தால் ஹோஸ் வரும். ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, மண் பறிக்காதபடி விசிறியாக விரித்து, கவரின் அடித்துளையில் நீர் கசியும்வரை நின்று, பிறகே அடுத்ததற்குப் போவார். மேலாக நனைத்துவிட்டு ஓடும் வேலை இல்லை. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர்கள் அந்த அரையங்குல ஈரத்தைத் தேடி மேலேயே சுற்றும். மறுநாள் வெயிலில் முதலில் கருகுவதும் அவைதான். வீட்டுத் தொட்டியைத் தூக்க முடியாதவர்களுக்கு விரல் இருக்கிறது. இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்தால் போதும்.

தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது இன்னொரு பழக்கம். மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலும் வெயிலில் கிடந்த ஹோஸிலும் மதியத்தில் வருவது வெந்நீர். முதல் இரண்டு நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டு மீதியைச் செடிக்கு விடுவார்கள். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. கடலோரத்தில் போர்த் தண்ணீரின் உப்பு வேறு இருக்கிறது. மண்தொட்டியின் வெளிப்புறத்தில் பூக்கும் வெள்ளைப் படலம் அதுதான். எப்போதாவது நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் தொட்டியடியில் தாராளமாக வடியும்படி ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிடச் சொல்வார்கள்.

மண்தொட்டியா, பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கும் கோடைதான் சரியான தேர்வுக்களம். மண்தொட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே வேர் குளிர்ச்சியாக இருக்கும்; ஆனால் சீக்கிரம் காயும். கருப்பு பிளாஸ்டிக் ஈரத்தைக் காக்கும். ஆனால் மேற்கு வெயில் படும் பக்கம் வேர் வெந்துபோகும். கருப்புத் தொட்டிகளை நெருக்கி வைத்து, ஓரத் தொட்டிகளுக்கு மட்டும் வெள்ளைச் சாக்கு சுற்றிவிடுவது செலவில்லாத வழி. மேல்மண்ணுக்குக் காய்ந்த சருகோ தேங்காய் மட்டைத் துண்டோ மூடாக்காகப் போட்டால் ஒருநாள் தண்ணீர் இரண்டு நாள் வரும்.

கோடையில் நர்சரிக்காரர் சொல்லும் ஆலோசனைகளில் மிகவும் நுட்பமானது மண்ணுருண்டையைப் பற்றியது. சென்னைக்கு வரும் செடிகளில் கணிசமானவை ஆந்திரத்தின் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. கோதாவரிப் படுகையின் ஒட்டும் மண்ணில் வேர் பொதிந்திருக்கும். வாங்கியவர் அதை அப்படியே எடுத்து, பொலபொலவென்ற தென்னைநார்க் கழிவுக் கலவையில் நடுவார். ஊற்றும் தண்ணீர் இளகிய கலவை வழியே வடிந்துபோகும், நடுவில் இருக்கும் உருண்டை காய்ந்து இறுகும். மேலே ஈரம், அடியில் ஈரம், வேர் இருக்கும் இடத்தில் மட்டும் பஞ்சம். மருந்து எளியது. வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியோடு செடியை முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டுவிடவேண்டும். முற்றிலும் காய்ந்துபோன தென்னைநார்க் கழிவுக்கும் இதே வைத்தியம்தான். காய்ந்தபின் அது தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக ஓடவிடும்.

புதிதாக வாங்கியதை நேரே மொட்டைமாடி வெயிலில் வைப்பதையும் அவர்கள் தடுப்பார்கள். பச்சை நிழல்வலைக்குக் கீழே பாதி வெயிலில் வளர்ந்த இலை அது. முழு வெயில் பட்டால் ஒரே மதியத்தில் வெளுத்த திட்டுகள் விழும். அந்த இலை திரும்பத் தேறாது. ஒரு வாரம் நிழலில், பிறகு காலை வெயிலில் மட்டும், பிறகுதான் உச்சிவெயில். சென்னையின் கோடை கடற்காற்றை நம்பியது. மதியத்துக்கு முன் காற்று உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேல்காற்று வலுத்து அது தாமதமானால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. எந்தத் தெருவில் காற்று எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்து நர்சரிக்குத் தெரியும், தோட்டக்கலைப் புத்தகத்துக்குத் தெரியாது.

எல்லாச் செடியும் கோடையைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில்லை. அடினியம் அதைக் கொண்டாடுகிறது. ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களும் அரபுத் தீபகற்பமும் இதன் தாயகம். நம் அரளி, நந்தியாவட்டை வகைகளுக்கு உறவு. மற்ற செடிகளைத் தொட்டி மாற்றாதீர்கள் என்று கெஞ்சும் அதே நர்சரிக்காரர், அடினியத்தை மட்டும் மே மாதத்தில் வேரோடு பிடுங்குவார். மண்ணைக் கழுவி, தொங்கும் சல்லிவேர்களைக் கூரான கத்தியால் வெட்டுவார். வெட்டிய இடத்தில் பால் வடியும். விஷப் பால், கண்ணில் படக்கூடாது. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியது இதைத்தான். காயம் காயும்வரை சில நாள் நிழலில் வெறுமனே கிடக்கவிட்டு, முன்பு புதைந்திருந்ததைவிட ஒரு அங்குலம் உயர்த்தி நடுவார். ஆண்டுதோறும் இப்படி உயர்த்த உயர்த்த, மண்ணுக்குள் பருத்த வேர்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் விரியவேண்டும் என்பதற்காக அடியில் ஒரு பழைய சிடியையோ ஓட்டுத் துண்டையோ வைப்பவர்கள் உண்டு. பத்து ஆண்டு இப்படி வளர்த்த செடியின் அடிப்பகுதியைப் பார்த்தால், கடையில் அதற்குச் சொல்லும் விலை நியாயம் என்றே தோன்றும்.

பருத்த அடி வேண்டுமென்றால் விதையிலிருந்து வளர்க்கவேண்டும். போத்து வைத்து வளர்த்ததில் அந்தத் திரட்சி வராது. விதைக்காய் இரட்டைக் கொம்பாக வளர்ந்து, முற்றியதும் பிளந்துவிடும். ஒவ்வொரு விதைக்கும் இரு முனையிலும் பஞ்சுக் குஞ்சம். காற்றடித்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் காய் பழுப்பேறியதும் நர்சரிகளில் அதை நூலால் சுற்றிக் கட்டிவைப்பார்கள். ஏப்ரலில் ஒரு நல்ல அடினிய வரிசைக்குள் நடந்தால், பூக்களுக்கு நடுவே நூல் சுற்றிய கொம்புகளும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒட்டுகளும் கண்ணில் படும். அடுக்கிதழ் வகைகளை விதையில் நம்ப முடியாது, ஒட்டுதான் வழி. அடித்தண்டைத் தட்டையாகச் சீவி, அதே பருமனுள்ள நுனியை வைத்துக் கட்டுவதற்கு வெயில் காலம்தான் ஏற்றது. பால் ஓட்டமும் வளர்ச்சியும் அப்போதுதான் வேகம்.

காகிதப்பூவும் வெயில் விரும்பிதான். தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்தான் நிறம் காட்டும். தினமும் ஊற்றினால் இலையாகத் தழைத்து நிற்கும். வேரைக் கலைத்தால் பொறுக்காது என்பதால் கவரைக் கிழித்து உருண்டை உடையாமல் இறக்கவேண்டும்.

மல்லிக்கு வேறு கணக்கு. வயல்களில் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் விட்டு கவாத்து செய்துவிடுவார்கள். மார்ச்சில் மொட்டு திரண்டு கோடை முழுக்க மலரும் பூ அந்தக் கவாத்தின் பலன். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நாற்றுகளில் பெரும்பகுதி மதுரையில் பிறப்பதில்லை. ராமேஸ்வரம் போகும் வழியில் தங்கச்சிமடத்து மணல்பூமியில் வேர்பிடித்து, கட்டுக்கட்டாக வண்டியேறி வருபவை அவை. வீட்டுத் தொட்டி மல்லிக்கு நர்சரியில் சொல்லும் யோசனை அந்தக் கவாத்தின் சின்ன வடிவம்: ஒரு சுற்று பூத்து முடிந்ததும் ஒவ்வொரு நுனியையும் இரண்டு கணு குறைத்து நறுக்குங்கள், புதுத் துளிரில்தான் மொட்டு வரும். ஆசைப்பட்டு நிழலில் வைத்தால் மணக்கும் பூவுக்குப் பதில் பச்சை இலை கிடைக்கும்.

வறண்ட சூட்டோடு சிவப்புச் சிலந்தியும் மாவுப்பூச்சியும் வந்து சேரும். இலையின் அடிப்பக்கத்தில் காலையில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே சிலந்தி பாதி ஒழியும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும்; அதுவும் வெயில் சாய்ந்த பிறகே, இல்லையேல் எண்ணெய் பட்ட இலை கருகும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டியபோது எந்த மருந்துக்கும் மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோபேகஸ் என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. மாடித்தோட்டத்தில் பார்த்த பூச்சிக்கெல்லாம் விஷமடிக்கும் அவசரக்காரர்களிடம் இந்தக் கதையை எடுத்துச்சொல்லும் நர்சரிக்காரரும் உண்டு. மருந்து விற்பனை குறையும் என்று தெரிந்தே சொல்வதால் அவரை நம்பலாம்.

விற்க மறுப்பதும் இந்தத் தொழிலின் அழகுதான். மே மாதத்தில் தக்காளி நாற்று கேட்டால், பூவெல்லாம் உதிர்ந்துபோகும், இப்போது வேண்டாம் என்பார். வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் விதைக்கச் சொல்வார். ரோஜா கேட்பவரிடம், "மழை விழட்டும் சார், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். அந்த மழை, ஜூன், ஜூலை மாலைகளில் இடியோடு வந்து ஒரு மணிநேரம் கொட்டியதும், ஆலோசனை முழுக்கத் தலைகீழாகும். தொட்டிக்கு அடியில் தண்ணீருக்காக வைத்த தட்டுகளை எடுக்கச் சொல்வார்கள். மூடாக்கைத் தண்டிலிருந்து விலக்கச் சொல்வார்கள். அடினியத்தைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தி, மண் நன்றாகக் காயும்வரை ஒரு சொட்டுகூடக் காட்டாதீர்கள் என்பார்கள்.