நூதனசாலையும் சிறுவரும்: யாழ்ப்பாணத்துப் பொருட்காட்சிகளின் கருத்துநிலை பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத் திறனாய்வாளன் நூதனசாலை பற்றி எழுதுவது துறைமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின் காட்சிக்கு வைக்கப்பட்ட பொருளும் ஒருவகைப் பனுவலே. எதனைத் தெரிவது, எதனை விடுவது, எதன் அருகில் எதனை வைப்பது, எச்சொல்லால் அதனைப் பெயரிடுவது என்னும் வினாக்கள் நாவலாசிரியனுக்கு எவ்வளவு உரியனவோ, காட்சியமைப்போனுக்கும் அவ்வளவு உரியன. வாசிப்பவர் சிறுவராயின் இவ்வினாக்களின் பாரம் மேலும் கூடுகிறது. பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அக்கூடம் வரலாற்றின் முதற் பாடநூல். அப்பாடநூல் யாருடைய கண்கொண்டு எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடும்பத்தோடு சென்று காணத்தக்க இடங்கள் சில உள. நல்லூரில் நாவலர் மண்டபத்தின் பின்புறம் 1978ஆம் ஆண்டு முதல் தொல்பொருட் காட்சியகம் இயங்கி வருகிறது. நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளையின் நூதனசாலை 2020 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் எழுப்பி, 1658க்குப் பின் ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் மாற்றியமைத்த கோட்டை தானே ஒரு திறந்தவெளிக் காட்சிக்கூடம். போரால் சிதைந்த ஒரு பிரதேசத்தில் இவை நிலைபெற்றிருப்பது சிறு சாதனையன்று. குறிப்பாக, அரசின் கையை எதிர்பாராது வீட்டுப் பாவனைப் பொருட்களையும் தொழிற்கருவிகளையும் திரட்டிய நாவற்குழி முயற்சி, அழிவிலிருந்து பலவற்றைக் காத்துள்ளது. இக்கட்டுரையின் விமர்சனம் இச்சாதனையை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது.

1. நூதனம் என்னும் சொல்

ஈழத்தமிழர் இத்தகைய நிலையத்தை நூதனசாலை என்று வழங்குவது கவனத்துக்குரியது. 'நூதனம்' என்பது புதுமை, வியப்பு. பழையன வைக்கப்படும் இடத்துக்கு வியப்பின் பெயர் வந்தமை தற்செயலன்று. 1877இல் கொழும்பில் திறக்கப்பட்ட நூதனசாலை குடியேற்ற ஆட்சியின் குழந்தை. ஆளப்படுவோரின் பொருள்களை அவர்தம் வாழ்விலிருந்து பிரித்தெடுத்து விநோதங்களாக அடுக்குவது அவ்வாட்சியின் அறிவுமுறை. சென்னையில் 1851இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் பாமர மக்கள் 'செத்த காலேஜ்' என்றும், உயிரினக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். பண்டிதரும் காணத் தவறிய உண்மையை அம்மக்கள் இரு சொற்களில் கண்டுவிட்டனர்: பயன்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் செத்த பொருள்.

நல்லூர்க் காட்சியகத்தில் திமிங்கில எலும்புகளும் ஒல்லாந்தர் காலப் பீரங்கிகளும் உள்ளன. பிள்ளைகள் முதலில் ஓடிச் சென்று பார்ப்பவை அவைதாம். இவ்வியப்பை நாம் இகழவேண்டியதில்லை. அறிவின் வாயில் அது. ஆனால் வாயிலோடு நின்றுவிடலாகாது. அவ்வெலும்பின் அருகே கரையோர மக்களின் வலையும் கட்டுமரமும் அவர்தம் உழைப்பும் பேசப்படுமாயின் வியப்பு வரலாறாகும். பீரங்கியின் அருகே, அக்கோட்டைக்குக் கல் சுமந்தவர் எவர் என்ற வினா எழுப்பப்படுமாயின் இரும்பு வாய் திறக்கும். அவ்வாறு எழுப்பப்படாதபோது பிள்ளை ஆயுதத்தை மட்டும் கண்டு திரும்புகிறது.

2. உழைப்பு நீக்கப்பட்ட கருவிகள்

நாட்டார் வாழ்வின் பொருள்களைக் காட்சிப்படுத்துவது அரசர் முடியைக் காட்டுவதினும் சனநாயகத் தன்மை வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், கடகம், சுளகு, ஏர், வண்டி என்பன இன்று பிள்ளைகளுக்குப் புதியன, தொட்டுப்பார்க்க விரும்புவன. ஆயின் பொருளின் பெயரும் காலமும் கிடைத்த இடமுமாகக் குறிப்பு முடிந்துவிடுமாயின், கருவி எஞ்ச உழைப்பு மறைந்துவிடும்.

துலாவை எடுத்துக்கொள்வோம். ஆறற்ற சுண்ணாம்புக்கல் நிலமாகிய குடாநாட்டில் வேளாண்மை பெரிதும் கிணற்றையே நம்பியிருந்தது. துலாவின் மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர், கிணற்றடியில் நின்று பட்டையை இழுத்து ஊற்றுபவர், வாய்க்காலில் நீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்புபவர் எனப் பலர் சேர்ந்து செய்த தொழில் அது. விடியுமுன் தொடங்கும் அவ்வுழைப்பே புகையிலையாகிக் கடல்கடந்து திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சென்றது. நிலம் எவருடையது, துலா மிதித்த கால் எவருடையது, புகையிலையின் இலாபம் எவர் வீட்டு நாற்சாரமாக எழுந்தது என்ற மூன்று வினாக்களையும் கேட்டால் துலா உற்பத்தியுறவுகளைக் காட்டும் கண்ணாடியாகும். கேளாதுவிட்டால் அது 'அந்தக்கால அழகு'. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும், அதன்பின் நிலத்தடி நீர் உவரானதும் அக்கதையின் தொடர்ச்சி. இன்று தண்ணீர்ப் போத்தலோடு நூதனசாலைக்கு வரும் பிள்ளைக்கு அது தொலைவான கதையன்று.

பழமையேக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கைத்தொழில்மயமாதலின் வேகத்தில் மறைந்துகொண்டிருந்த நாட்டுப்புற வாழ்வைக் காக்கவே 1891இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் 'ஸ்கான்சன்' என்னும் திறந்தவெளிக் காட்சியகம் அமைக்கப்பட்டது. குடிசைகள் காக்கப்பட்டன; குடிசைவாசியின் பசி காட்சிக்கு வரவில்லை. அத்தகைய காட்சிகளின் பொதுப் பலவீனம் இதுவே. நமது பொருட்காட்சிகள் அதனை மீண்டும் செய்யவேண்டியதில்லை.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நாவில் இன்றும் வாழ்வது ஏன்? கூழும் கொழுக்கட்டையும் அங்குப் பெயர்ப்பட்டியலாக வரவில்லை. செய்யும் கைகளோடும் உண்ணும் வாய்களோடும் வருகின்றன. சிறுவர் இலக்கியம் கண்டறிந்த இவ்வுத்தியைக் காட்சியமைப்போரும் கற்றல் வேண்டும்.

3. மன்னரும் புத்தரும்

நல்லூர் முத்திரைச் சந்தியில் 1974இல் நிறுவப்பட்டு 2011இல் புதிதாக அமைக்கப்பட்ட சங்கிலியன் சிலையைக் காணாது எக்குடும்பமும் நல்லூரைக் கடந்து செல்வதில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு தேசிய இனம் இழந்த அரசை நினைவுகூர்வது இயல்பே. ஆயினும் வரலாறு என்பது அரசர் வரிசை என்ற எண்ணம் பிள்ளை மனதில் படிந்துவிடின், மக்கள் அதில் பார்வையாளராகவே எஞ்சுவர்.

இதனினும் நுண்மையான சிக்கல் கந்தரோடையிலிருந்து வந்து நல்லூரில் வைக்கப்பட்டுள்ள தலையற்ற புத்தர் உருவம். சேர். போல் பீரிஸ் 1917 அளவில் ஆய்வு தொடங்கிய காலமுதல் கந்தரோடை இரு தேசியவாதங்களின் இழுபறிக்குள் சிக்கியுள்ளது. பௌத்தச் சின்னம் கிடைத்த இடமெல்லாம் சிங்கள நிலமே என்பது ஒருபக்கக் கூற்று. 2009க்குப் பின் வடக்கில் தொல்லியலின் பெயரால் நிகழ்ந்த நில உரிமைப் பிணக்குகள் இக்கூற்றின் அரசியல் விளைவுகள். அதற்கு அஞ்சி, தமிழரிடையே பௌத்தம் நிலவியதையே மறைக்க முனைவது மறுபக்கத் தவறு. மணிமேகலையைத் தந்த மொழிக்கு இவ்வச்சம் பொருந்தாது. 'இவர் இங்கே எப்படி வந்தார்?' என்று பிள்ளை கேட்கும், கேட்கவேண்டும். தமிழ்ப் பௌத்தம், கடல் வாணிபம், கூட்டு வாழ்வு ஆகியவற்றைக் கூறும் நான்கு வரிகள் அங்கு இருப்பின், நூறு மேடைப்பேச்சு செய்யாத பணியை அவை செய்யும். 1980இல் ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியில் கிடைத்த பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும், 1977இல் அல்லைப்பிட்டியில் வெளிப்பட்ட சீன மட்பாண்டங்களும் கூறுவதும் இதனையே: யாழ்ப்பாணம் எக்காலத்தும் மூடுண்ட தீவாக இருந்ததில்லை.

4. இல்லாத பொருள்கள்

ஒரு பனுவலின் மௌனங்களே அதன் கருத்துநிலையைத் தெளிவாகக் காட்டும். தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கெனத் தனியே வைக்கப்பட்ட போத்தலும் தகரப்பேணியும் சிரட்டையும் யாழ்ப்பாணப் பண்பாட்டின் பொருள்கள் அல்லவா? சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தபின்னும் அவை நீங்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 எழுச்சியும், தேநீர்க்கடைப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அவ்வாழ்வைப் பதிவு செய்தது. நாவல் ஏற்றுக்கொண்ட பொருளைக் கண்ணாடிப் பேழை ஏற்கத் தயங்குவதேன்? பனங்கட்டியைச் சுவைக்கும் பிள்ளைக்கு, தளநாரும் பாளைக்கத்தியும் தாங்கிப் பனையேறியவர் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டார் என்ற உண்மை மறைக்கப்படுவதேன்?

'சிறுவருக்கு இவை வேண்டுமா?' என்பர். தென்னாபிரிக்காவின் கேப்ரவுனில் 1994இல் திறக்கப்பட்ட 'டிஸ்ரிக்ட் சிக்ஸ்' காட்சியகம் இதற்கு விடை. நிறவெறி அரசால் வெளியேற்றப்பட்ட மக்களின் தெருப் பெயர்ப்பலகைகள் அங்குத் தொங்குகின்றன. தரையில் விரிந்த வரைபடத்தில் பழைய குடியிருப்பாளர் தம் வீடிருந்த இடத்தில் தாமே பெயரெழுதினர். பாடசாலைப் பிள்ளைகள் அதனைக் கண்டு அஞ்சவில்லை, கேள்வி கேட்கின்றனர். நம்மிடமும் அத்தகைய வரைபடத்துக்கு இடமுண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகள் அதில் குறிக்கப்படல் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 அன்று ஒரே இரவில் நகரைவிட்டு நடந்தோரின் வழியும் குறிக்கப்படல் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை விடுவது நினைவன்று, பிரசாரம்.

5. பெற்றோர் என்னும் உரையாசிரியர்

1899இல் நியூயோர்க்கின் புறுக்ளினில் தொடங்கிய சிறுவர் காட்சியகம் முதல், தொட்டறியும் உரிமையே பிள்ளைக்குரிய காட்சியின் அடிப்படை என்பது உலகில் ஏற்கப்பட்டுவருகிறது. 1996இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் அமைந்த தட்சிணசித்ராவில் பிள்ளைகள் மண்ணைப் பிசைகின்றனர், குயவரோடு பேசுகின்றனர். இங்கும் ஒரு துலாவும் ஒரு உரலும் கண்ணாடிக்கு வெளியே வரலாம்.

இன்னொரு வளமும் நம்மிடம் உண்டு. இன்று பிள்ளைகளோடு வரும் பெற்றோர் பலரும் பொருளாதாரத் தடைக்காலத்தில் சிறுவராயிருந்தவர்கள். ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கின் ஒளியில் படித்தவர்கள், பதுங்குகுழியை அறிந்தவர்கள், சைக்கிள் மிதித்து வானொலி கேட்டவர்கள். எக்காட்சியமைப்போனுக்கும் கிட்டாத உரையாசிரியர் இவர்கள். அவ்விளக்கு ஒன்று கூடத்தில் வைக்கப்படுமாயின் குறிப்பே வேண்டா. தாய் பேசத் தொடங்குவாள். 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த நூலகத்தின் இன்றைய வெண்மையைக் காட்டுவதோடு நில்லாது, அவ்வெண்மைக்கு முன் அது கருகி நின்றதைச் சொல்லவும் அத்தகைய வாயே வேண்டும்.

நாவலர் பெயர் தாங்கிய மண்டபத்தின் நிழலில் நல்லூர்க் காட்சியகம் அமைந்திருப்பது பொருள்பொதிந்த செய்தி. பாலபாடங்களை எழுதிப் பிள்ளைகளுக்குத் தெளிந்த உரைநடை தந்தவர் அவர். அக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் வரலாறு. நூதனசாலை அவரது தெளிவை எடுத்துக்கொண்டு அவ்வெல்லையை உடைக்குமாயின், அது செத்தவற்றின் கூடமாக இராது. உழைத்தவர் பிள்ளையும், விலக்கப்பட்டவர் பிள்ளையும், வெளியேற்றப்பட்டவர் பிள்ளையும் உள்ளே நுழைந்து, 'இது எங்களுடையது' என்று ஒரு பொருளையேனும் சுட்டக்கூடிய கூடமே மக்களின் நூதனசாலை. அதனை அமைப்பதற்கான பொருள்கள் நம் வீட்டுக் கோடிகளில் இன்னும் கிடக்கின்றன.